ஐந்தாவது பல்

எங்கள் மேலகரம் வீட்டில் முன்தாழ்வாரத்துக்கு மட்டும் கீற்றுக் கூரை. மற்ற இடமெல்லாம் நாட்டு ஓடு. பல் விழுந்தால் கீற்றின் மேல்தான் எறிய வேண்டும் என்பது ஆச்சி வைத்த சட்டம். ஓட்டில் எறிந்தால் உருண்டு கீழே வந்துவிடும். தொழுவத்திலிருந்து ஒரு பிடி சாணி எடுத்து வந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, விரலால் குழி அமுக்கி, பல்லை உள்ளே வைத்து மூடித் தருவாள். கூரைக்கு முதுகு காட்டி நின்று, தலைக்கு மேலாகப் பின்பக்கம் எறிய வேண்டும். “வானம் பாத்துரப்படாது ஏட்டி. பாத்துச்சுன்னா மறுபல்லு மொளைக்காது” என்பாள். ஆனி மாதத்தில் பல் விழுந்தால் எனக்குக் கவலை இருக்காது. குற்றாலத்து மலையில் மேகம் இறங்கிச் சாரல் அடிக்கிற நாளில் வானத்துக்குக் கண் ஏது என்று தைரியமாக எறிவேன்.

அப்படி எறிந்த பற்கள் எல்லாவற்றுக்கும் மறுபல் முளைத்தது, ஒன்றைத் தவிர. 1982-இல், எனக்கு 12 வயதில், கீழ்த்தாடையின் வலப்பக்கம் பிடுங்கிய பல் அது. இடப்பக்கத்தில் அதற்கு இணையான பல் குறடுக்குத் தப்பிவிட்டது. எனக்கு இப்போது 55 வயது. தப்பிய அந்தப் பால் பல் இன்னும் என் வாயில் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் பல் வைத்தியம் அன்று எப்படி இருந்தது, இன்று எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு என் தாடையின் இந்த இரண்டு பக்கங்களையும்விட நல்ல சாட்சி எனக்குக் கிடையாது.

அந்தக் காலத்தில் பல்லுக்காக டாக்டரிடம் போவது கடைசி வழி. காலையில் வேப்பங்குச்சியோ உமிக்கரியோ, காசு இருக்கும் வீட்டில் பாக்கெட் பல்பொடியோ. வலி வந்தால் ஒரு கிராம்பு. அதற்கும் கேட்காவிட்டால் உப்புத் தண்ணீர். பல்லில் பூச்சி இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். கண்டங்கத்திரி விதையை அனலில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடித்தால் பூச்சி விழும் என்று எங்கள் தெருவில் பலபேர் பிடித்திருக்கிறார்கள். எனக்கும் பிடித்துப் பார்த்தார்கள். கண் எரிந்ததுதான் மிச்சம். ஒரு வாரம் தூங்காமல் அழுத பிறகுதான் அப்பா என்னைத் தென்காசிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். குழியான பல்லில் ஒரு கம்பியால் தொட்டார். நான் துள்ளினேன். “வயசு எத்தனை?” என்று அப்பாவிடம் கேட்டார். “பன்னெண்டு முடிஞ்சிட்டு” என்றார் அப்பா. “அப்ப இது விழப்போற பல்லுதான். எடுத்துருவோம். புதுப்பல் தானா வந்துரும்.” அவ்வளவுதான் பேச்சு. ஊசி போட்டு, மரத்ததும் குறடு வைத்தார். வழக்கமாகப் பால் பல் கையோடு வந்துவிடும் என்பார்கள். இது வரவில்லை. இரண்டு முறை குறடை மாற்றிப் பிடித்து, ஒரு காலால் நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் எடுத்தார். எடுத்த பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள்.

கோயிலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு வர வேண்டும். காசி விசுவநாதர் கோயிலுக்கு அப்போது ராஜகோபுரம் கிடையாது. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலின் கோபுரம், எப்போதோ சிதைந்து, நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் கல் திரடாக நின்றது. நடுவில் வானம் தெரியும். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, நாக்கை அந்தக் குழியில் விட்டு விட்டுப் பார்த்தபடி அந்தப் பிளவைப் பார்த்து நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அது குற்றாலச் சீசன் நேரம். பேரருவியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் சாலைவரை கேட்டது. இரண்டு நாளைக்குத் தலையில் அருவி விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரே குளித்துக்கொண்டிருந்தபோது கரையில் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி காகிதத்தைப் பிரித்தாள். சிறிது நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னட்டி இது? இந்தப் பல்லுக்குக் காலு இருக்கு?” என்றாள். அவள் சாணியில் பொதிந்து எறிந்த பற்கள் எதற்கும் கால் இருந்ததில்லை. இதில் நீளமாக, அகன்று விரிந்த இரண்டு வேர்கள் முழுசாக இருந்தன. சாணி உருண்டை பெரிதாகப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் கேட்ட கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. பதில் கிடைக்க எனக்கு 32 வருஷம் ஆனது.

பால் பற்கள் 20. அதில் கடைவாய்ப் பற்கள் 8. தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் கீழே இரண்டு, மேலே இரண்டு. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தவர்கள்கூட ஒன்றைக் கவனித்திருக்க மாட்டார்கள். இந்தப் பால் கடைவாய்ப் பற்கள் விழுந்த இடத்தில் முளைப்பவை பெரிய கடைவாய்ப் பற்கள் அல்ல. சற்றுச் சிறிய முன்கடைவாய்ப் பற்கள். பெரியவை ஆறு வயதிலிருந்து அவற்றுக்குப் பின்னால் புதிய இடத்தில் வருகின்றன. கீழ்த்தாடையின் இரண்டாவது பால் கடைவாய்ப் பல் சுமார் 10 மில்லிமீட்டர் அகலம். அதன் இடத்துக்கு வர வேண்டிய நிலைப்பல் 7 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வாரிசைவிடப் பெரிய பல் அது.

அதன் வேர்கள் அகன்று நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. கோழி சிறகை அகட்டிக் குஞ்சை மூடுவது போல, அந்த வேர்களின் நடுவே, எலும்புக்குள், நிலைப்பல்லின் முளை உட்கார்ந்திருக்கும். குழந்தைக்கு இரண்டரை, மூன்று வயதாகும்போதே அதில் சுண்ணாம்புச் சத்து ஏறத் தொடங்கிவிடும். முளை பெரிதாகி மேலே நகர நகர, மேலிருக்கும் பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 11, 12 வயதில் வேர் முழுதும் கரைந்து, ஈறில் ஒரு தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பல் ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது விழும். நாங்கள் கூரையில் எறிந்தவை எல்லாம் அந்தத் தொப்பிகள்தான்.

சிலருக்கு அந்த முளையே உருவாவதில்லை. பல் முளைகளுக்கான கட்டளை போகிற வழியில் எங்கோ ஓர் இடம் விட்டுப்போகிறது. வேரைக் கரைக்கக் கீழே ஆள் இல்லாததால் பால் பல் அசையாமல் நிற்கிறது. 12 வயதில் முழு வேரோடு ஒரு பால் பல் கையில் வந்தால் அதற்குப் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: கீழே வாரிசு இல்லை. ஆச்சி பார்த்துக் கேட்டது அதைத்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத அவள் கண்ணுக்குப் பட்டது, ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் பிடுங்குவதற்கு முன்பே டாக்டருக்கும் தெரிந்திருக்கும். அன்று பல்லுக்கு எக்ஸ்ரே என்ற பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்த டாக்டரைப் பற்றி அப்பா பிறகும் மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு மட்டும் அந்தக் குழியின் நினைப்பு ஆறவில்லை. இன்றும் ஆறவில்லை.

ஞானப்பல்லை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், உலகத்தில் 100 பேரில் 5, 6 பேருக்கு ஏதாவது ஒரு நிலைப்பல்லாவது உருவாகாமலே போகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம். அப்படி வராமல் போகும் பற்களில் முதலிடம் கீழ்த்தாடையின் இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லுக்கு, அதாவது என் வாயில் வராமல் போன அதே பல்லுக்கு. பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. எம்எஸ்எக்ஸ்-1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் பற்கள் இல்லாமல் போகக் காரணமாகும் என்று 1996-இல் கண்டுபிடித்தார்கள். 2000-இல் பாக்ஸ்-9 என்ற மரபணுவையும் கண்டார்கள். அதற்கு வெகு முன்பே சார்லஸ் டார்வின், சிந்துப் பகுதியில் வாழ்ந்த ஒரு இந்துக் குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள். இரண்டு தாடையிலும் சேர்த்து நான்கே சிறிய வெட்டுப் பற்கள், எட்டுக் கடைவாய்ப் பற்கள். தலைமுடி குறைவு, தோல் வறட்சி. பெண்களுக்கு அந்தக் குறை இல்லை, ஆனால் அவர்கள் வழியாகப் பேரன்மாருக்குப் போனது. அது வேறு நோய், மிக அரிதானது. ஒரு பல், இரண்டு பல் வராதவர்கள் அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆறும் அதற்கு மேலும் வராதவர்கள்தான் உடம்பில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று முழுசாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடும்பத்திலும் இது இருந்திருக்கும். அத்தை ஒருத்திக்குக் கீழ்ப்பல் வரிசையில் ஒரு பல் “தாழ்ந்து” இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொரிகடலை போட்டால் அந்தப் பள்ளத்தில் போய் உட்காருமாம். அன்று அதற்குப் பெயர் இல்லை. பல் பார்த்துப் பெண் எடுக்கிற ஊரில் அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

பிடுங்கிய பக்கத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது, புதுப்பல் வரவில்லை. “வராம எங்க போவும்? கொஞ்சம் பிந்தி வரும்” என்றாள் அம்மா. பத்தாம் வகுப்பில் பின்னாலிருந்த பெரிய கடைவாய்ப் பல் குழியை நோக்கிச் சாயத் தொடங்கியது. மேல்தாடைப் பல் கீழே எட்டிப் பார்க்க இறங்கியது. சோறு, கீரை எல்லாம் அந்தச் சந்தில் போய் மாட்டும். சாப்பிட்டதும் ஈர்க்குச்சி தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இடப்பக்கமே மெல்லப் பழகினேன்.

இடப்பக்கத்தில் அந்தப் பால் பல் நின்றது. அதில் சொத்தை இல்லை, வலி இல்லை. அதனால் யாரும் அதைக் கேட்கவில்லை. தை மாதத்துப் பனங்கிழங்கு நார், குற்றாலச் சீசனில் வாங்கும் பலாக்கொட்டை அவியல், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும், எல்லாம் அந்தப் பல்லில்தான் அரைபட்டன. பள்ளிக்கூடம் முடிந்தது, கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். 1990-இல் காசி விசுவநாதர் கோயிலுக்கு ஒன்பது நிலைக் கோபுரம் எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது. பிளவில் தெரிந்த வானம் மறைந்தது. என் வலப்பக்கக் குழி அப்படியே இருந்தது. 1999-இல் அதற்குப் பிரிட்ஜ் போட்டார்கள். அதாவது குழிக்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டு நல்ல பற்களை ராவிக் குறைத்து, மூன்றையும் சேர்த்துக் கேப் மாட்டுவது. இல்லாத ஒரு பல்லுக்காக இருந்த இரண்டு பற்களைக் காயப்படுத்தியாயிற்று. அதில் ஒன்றுக்குப் பிறகு வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது.

2014-இல் என் மகளுக்கு 12 வயது. பால் பற்கள் எல்லாம் விழுந்து முடிந்தும், கீழ்த்தாடையின் இடப்பக்கம் ஒன்று மட்டும் விழவில்லை. எனக்கு அந்த வயதும் அந்த இடமும் அடிவயிற்றைப் பிசைந்தது. இந்த முறை நேரே திருநெல்வேலிக்குப் போனோம். தென்காசி வழி அகல ரயில் பாதை 2012-இல் வந்துவிட்டிருந்தது. மீட்டர் கேஜ் வண்டியில் ஜன்னலோரம் கரி படிந்து போன காலம் போய்விட்டது. அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். வாயைப் பார்த்தவர் குறடைத் தொடவில்லை. “முதல்ல ஒரு ஓபிஜி எடுத்துருவோம்மா” என்றார்.

ஓபிஜி என்பது இரண்டு தாடையையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே. நோயாளி அசையாமல் நிற்க, இயந்திரம் தலையைச் சுற்றி வரும். ரான்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். இரண்டே மாதத்தில், 1896 ஜனவரியில், ஜெர்மனியில் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களையே அதில் படம் எடுத்தார். 25 நிமிஷம் அசையாமல் இருந்தாராம். தாடை முழுவதையும் சுற்றி எடுக்கும் இந்த முறையைப் பின்லாந்தின் பாத்தேரோ 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கினார். இப்போது 20 நொடிக்குள் வேலை முடிகிறது. 1982-இல் எனக்குக் கிடைக்காமல் போனது அந்த 20 நொடிதான்.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டர் மகளிடம் விரலால் காட்டினார். வலப்பக்கம் புதுப்பல் வந்து நின்றது. இடப்பக்கம் பால் பல்லின் கீழே வெறும் எலும்பு. “இதுக்குக் கீழ பல்லு இல்லப்பா. இது உனக்கு நிலைப்பல் மாதிரிதான். இதைப் பத்திரமா வச்சுக்கணும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களும் ஒரு படம் எடுத்துருங்கம்மா, இது குடும்பத்துல வரும்” என்றார்.

என் படத்தில் இரண்டு காலமும் அருகருகே இருந்தன. இடப்பக்கம், 44 வயதில், இரண்டு வேரோடு என் பால் பல். வேர் நுனி கொஞ்சம் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். அதைச் சுற்றி எலும்பு உயரமாக, திடமாக நின்றது. வலப்பக்கம் பிரிட்ஜுக்குக் கீழே எலும்பு உட்கார்ந்து, மேடு மெலிந்து, வரப்பு கரைந்த வயல் மாதிரி இருந்தது. பல் இருக்கும்வரைதான் அந்த இடத்து எலும்பு நிற்கும், பல்லை எடுத்தால் எலும்பும் ஒதுங்கிவிடும் என்று டாக்டர் விளக்கினார். ஆச்சியின் கேள்வியை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சரியாத்தான் பாத்துருக்காங்க” என்றார்.

வாரிசு இல்லாத பால் பல்லை எல்லோருக்கும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதும் இல்லை. பற்கள் நெருக்கமாக இருக்கிற பிள்ளைக்கு, சரியான வயதில் அதை எடுத்து, கம்பி போட்டுப் பின்பல்லை முன்னே கொண்டுவந்து இடத்தை மூடிவிடலாம். பிறகு வாழ்நாள் முழுதும் அந்த இடத்தைப் பற்றிய கவலை இல்லை. சில பால் பற்கள் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்துப் பற்களும் தாடையும் வளர, ஒட்டிய பல் மட்டும் வளர முடியாமல் கீழே அமிழும். கருவியால் தட்டினால் மற்றப் பல்லில் வரும் ஓசையும் இதில் வரும் ஓசையும் வேறாக இருக்கும். வளரும் வயதில் அது வேகமாக அமிழ்ந்தால் பக்கத்துப் பற்கள் அதன்மேல் சாயும். அப்போது எடுப்பதுதான் நல்லது. என் அத்தையின் “தாழ்ந்த பல்” அதுவாகத்தான் இருக்கும். இதையெல்லாம் ஓபிஜி பார்த்து, பல் கம்பி போடும் நிபுணரும் சேர்ந்து, பிள்ளைக்கு 9, 10 வயதிலேயே முடிவு செய்ய முடியும். சிலருக்கு இந்த முளை 8, 9 வயதில்தான் படத்தில் தெரியத் தொடங்கும் என்பதால், அதற்கு முன்பு “பல் இல்லை” என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு.

மகளுக்கு நெருக்கம் இல்லை, அமிழ்வும் இல்லை. வைத்துக்கொள்வது என்று முடிவானது. வருஷம் ஒருமுறை பார்த்தோம். 16 வயதில் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பல் நிறத்திலேயே ஒரு பூச்சு வைத்து, மேல்பல்லோடு முட்டும்படி உயர்த்தினார்கள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, அரை மணி நேரம். இப்போது அவளுக்கு 23 வயது. 20 வயதைத் தாண்டி வேர் கரையாமல் நிற்கும் இப்படிப்பட்ட பல், அதற்குப் பிறகு வெகுகாலம் தங்கும் என்பது இதைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த பல் மருத்துவர்களின் அனுபவம். பால் பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை வேகமாக உள்ளே இறங்கும். அதனால் அந்த ஒரு பல்லுக்கு அவள் தனிக் கவனம் எடுத்துக்கொள்கிறாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் பல் வைத்தியம் எவ்வளவு மாறியது என்பதற்கு வருகிறேன். சென்னையில் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1953-இல், மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக. வெகுகாலம் தெற்கத்திப் பிள்ளைகள் பல் மருத்துவம் படிக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பிறகு காவல்கிணறுவரை தனியார் கல்லூரிகள் வந்தன. அரசுக் கல்லூரி ஒன்று புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கியிருக்கிறது. தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. இன்று டவுனுக்குள் நடந்தால் தெருவுக்கு ஒரு பல் டாக்டர் போர்டு தெரிகிறது. எக்ஸ்ரேவைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். படத்தைப் போனில் வாங்கி, சென்னையில் இருக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறார்கள். எங்கள் மேலகரம் வீடு இப்போது கான்கிரீட். தாழ்வாரமும் இல்லை, கீற்றும் இல்லை, தொழுவமும் இல்லை. மகளின் பற்களை ஒரு சின்னக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருக்கிறேன்.

மாறாதது ஒன்று உண்டு. “விழப்போற பல்லுதானே” என்ற அந்தச் சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது அதை அதிகம் சொல்வது டாக்டர்கள் அல்ல, பெற்றவர்கள். ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் தாய்மாரிடம் பேசியிருக்கிறேன். பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனால் அன்றைய கூலி போயிற்று. வேர்ச் சிகிச்சை என்றால் மூன்று நாள் போக வேண்டும், ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். பிடுங்க ஒரே நாள், சில நூறு ரூபாய். “பால் பல்லுக்குப் போயி இவ்வளவு செலவா? எடுத்துருங்க டாக்டர்” என்று அவர்களே கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அந்தப் பல்லுக்குப் பின்னால் இன்னொன்று வரும் என்று நம்பித்தான் கேட்கிறார்கள். வராது என்று தெரிந்தால் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கத்தில் வேறொரு தவறு நடக்கிறது. நன்றாக நிற்கும் பால் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் திருகும் செயற்கைப் பல், வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுகிறவர்கள். தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு இம்ப்ளான்ட் வைக்கவே கூடாது. மற்றப் பற்கள் வளர, எலும்பில் திருகிய அந்தப் பல் மட்டும் கீழே நின்றுவிடும். பெரியவர்களுக்கும், ஆடாமல் அசையாமல் எலும்பைத் தாங்கி நிற்கும் சொந்தப் பல்லைவிட எந்த இம்ப்ளான்டும் மேல் இல்லை. அது விழும் நாள் வந்தால் அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவரை பாதுகாத்த எலும்பு அப்போது உதவும். என் வலப்பக்கத்துக்கு இம்ப்ளான்ட் கேட்டபோது, முதலில் எலும்பு வைத்துக் கட்ட வேண்டும் என்றார்கள்.

இல்லாத பல்லை முளைக்க வைக்கும் மருந்துக்கும் முயற்சி நடக்கிறது. பல் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு புரதத்தை அடக்கும் மருந்தை ஜப்பானின் கியோட்டோவில் 2024-இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் கட்டம், பெரியவர்களுக்கு ஆபத்தில்லையா என்று பார்ப்பது. அடுத்து, பிறவியிலேயே பல பற்கள் இல்லாத குழந்தைகளுக்குக் கொடுக்கத் திட்டம். கைக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும். என் மகளின் மகளுக்கு வேண்டுமானால் பயன்படலாம்.

நம் கையில் இப்போதே இருப்பது வேறு. தமிழக அரசு 2023-இல் ‘புன்னகை’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 6-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை. பால் கடைவாய்ப் பல் விழ வேண்டிய வயதும் விழாமல் நிற்பது தெரியும் வயதும் அதுவே. பள்ளிக்கு வரும் பல் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொத்தை எத்தனை என்று எழுதும்போது, விழாமல் நிற்கும் பால் பல் உண்டா என்று ஒரு கட்டம் சேர்த்து எழுதுங்கள். பெற்றோரிடம் “எக்ஸ்ரே எடுக்காமல் இதைப் பிடுங்க விடாதீர்கள்” என்று ஒரு வரி சொல்லி அனுப்புங்கள்.

வீட்டில் 11, 12 வயதுப் பிள்ளை இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போங்கள். ஐந்தாவது பல் மற்றவற்றைவிட வெள்ளையாக, அகலமாக, சற்றுத் தாழ்ந்து இருக்கிறதா? ஆடாமல் உறுதியாக நிற்கிறதா? அடுத்த பக்கத்தையும் எண்ணுங்கள். அப்படி இருந்தால் பயப்படாமல் பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் எடுத்துவிடலாம் என்றாலும், நீங்களே எடுக்கச் சொல்ல நினைத்தாலும், குறடு வாய்க்குள் போகும் முன் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.